டென்பி மேடுகளில் அயர்ன்மேன்: சமதளத்தில் முடித்தவருக்கு ஒரு விரிவான பதில்

சமதளப் பாதையில் ஒரு முழு அயர்ன்மேனை, அதாவது நீச்சல், சைக்கிள், மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் டிரையத்லான் போட்டியை, பதினொன்றரை மணி நேரத்தில் முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "லண்டனில் வசிக்கிறேன். அடுத்து வேல்ஸில் நடக்கும் டென்பி போட்டிக்குப் பதிவு செய்திருக்கிறேன். சைக்கிள் பாதையில் சுமார் 2,400 மீட்டர் ஏற்றம் என்கிறார்கள். போன தடவை ஓட்டிய அதே சைக்கிளில், அதே பவரில் (வாட் கணக்கில் அளக்கும் மிதி வலு) ஓட்டினால் போதுமா? பயிற்சியில் எதை மாற்ற வேண்டும்? நேரம் எவ்வளவு கூடும்?"

அந்தப் பாதையில் நானும் போட்டியிட்டு முடித்திருக்கிறேன். தொழில்முறை வீரன் இல்லை. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் பயிற்சி செய்கிறவன். என்னைப் போன்றவர்களுக்கு எது உதவும் என்ற கோணத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். அதே சராசரி பவர் போதும். ஆனால் அதே சைக்கிளை, அதாவது அதே கியரை, அப்படியே கொண்டுபோகாதீர்கள். டென்பியில் ஏற்றங்களை வேகமாக ஏறிச் சம்பாதிக்கக்கூடியது சில நிமிடங்கள். அப்படி ஏறியதற்காக மாரத்தானில் இழக்கக்கூடியது முக்கால் மணி நேரம். இந்தப் போட்டியைப் பற்றி நான் சொல்ல விரும்புவது எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து கிளைப்பதுதான்.

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்ற அளவு 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்த முதல் போட்டியிலிருந்து வருகிறது. அந்தத் தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு கடல் நீச்சல், தீவைச் சுற்றிய ஒரு சைக்கிள் பயணம், ஹொனலூலு மாரத்தான் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் சேர்த்தார்கள். தூரம் அப்போதே நிலைத்துவிட்டது. ஏற்றம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் வரையறுக்கவில்லை. அதனால் ஒரே பெயரில், ஒரே தூரத்தில் நடக்கும் இரண்டு போட்டிகளின் நேரத்தை ஒப்பிடுவதில் பொருளில்லை. உங்கள் பதினொன்றரை மணி நேரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு டென்பிக்குப் போங்கள்.

டென்பி தென்மேற்கு வேல்ஸில், பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரையில் இருக்கும் சிறிய ஊர். இடைக்கால மதில் இன்னும் நிற்கிறது. துறைமுகத்தைச் சுற்றி வண்ணம் பூசிய வீடுகள், நெருக்கமான தெருக்கள். 2011 முதல் செப்டம்பர் மாதத்தில் இங்கே இந்தப் போட்டி நடக்கிறது. ஊர் முழுவதும் அன்று தெருவில்தான் நிற்கும். பெரிய நகரப் போட்டிகளில் பார்வையாளர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். இங்கே பாதை நெடுக, கிராமம் கிராமமாக, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாம் கட்டியிருக்கும் எண் அட்டையில் நம் பெயரும் இருக்கும். அதைப் படித்து, எப்படி வருகிறதோ அப்படி உரக்கக் கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் குரல்கள் நம்மைச் சொந்த ஊர்க்காரராக்கிவிடும். அது எவ்வளவு பெரிய உதவி என்பதையும், எந்த இடத்தில் அது ஆபத்து என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

நீச்சல் வடக்குக் கடற்கரையில். மணலின் நடுவே கோஸ்கர் பாறை கூராக எழுந்து நிற்கும். விடியும் நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கறுப்பு வெட்சூட்டில் (குளிரைத் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) மணலில் நிற்க, வேல்ஸின் தேசிய கீதம் பாடப்படும். வேல்ஸ்காரர்கள் அதை வாய்க்குள் முணுமுணுக்க மாட்டார்கள், முழுத் தொண்டையோடு பாடுவார்கள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் அந்த நேரத்தில் கண் கலங்காமல் இருக்க முடியவில்லை. கீதம் முடிந்ததும் குழுக்குழுவாகக் கடலில் இறங்க வேண்டும். 1.9 கிலோமீட்டர் சுற்று, கரையேறி மணலில் கொஞ்ச தூரம் ஓடி, மீண்டும் இன்னொரு சுற்று.

செப்டம்பரில் தண்ணீர் 16 டிகிரிக்கு அருகில் இருக்கும். முகத்தில் முதல் அலை பட்டதும் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். அது பயம் இல்லை, குளிருக்கு உடம்பு காட்டும் அனிச்சைச் செயல். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை தலையை மேலே வைத்து மெதுவாக நீந்தினால் போதும். இதை அன்றுதான் முதல்முறை அனுபவிக்கக் கூடாது. கோடையில் குளத்தில் நீந்துவதோடு நிறுத்தாமல், சில வார இறுதிகளில் இங்கிலாந்தின் தென்கடற்கரைக்குப் போய் அலையில் நீந்துங்கள். வளைகுடா ஓரளவு ஒதுக்கமானதுதான் என்றாலும் காற்று திசை மாறினால் அலை எழும்பும். அலை மேல் இருக்கும்போது மிதவையைப் பார்ப்பது, பள்ளத்தில் இருக்கும்போது பார்க்க முயலாமல் நீந்துவது என்ற பழக்கம் குளத்தில் வராது.

டென்பியின் முதல் ஏற்றம் சைக்கிளில் வருவதில்லை. நீச்சல் முடிந்த கையோடு வருகிறது. கடற்கரை கீழே, ஊர் மேலே. இரண்டையும் இணைக்கும் வளைந்து வளைந்து ஏறும் நடைபாதையில் வெறுங்காலோடு, வெட்சூட்டோடு ஏற வேண்டும். அங்கேதான் முன்பே நாம் மாட்டிவைத்த பையில் பழைய ஷூ இருக்கும். அதை அணிந்துகொண்டு ஊருக்குள் சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடினால்தான் டிரான்சிஷன், அதாவது உடை மாற்றிச் சைக்கிளை எடுக்கும் இடம், வரும். இருபுறமும் மக்கள் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும். கிடைமட்டமாகப் படுத்திருந்த உடம்பு திடீரென்று நிமிர்ந்து மேட்டில் ஓடும்போது இதயத் துடிப்பு எகிறும். நான் அந்த மேட்டில் நடந்தேன். வெட்சூட்டை இடுப்பு வரை கழற்றி, மூச்சைச் சமப்படுத்திக்கொண்டு, ஊர்த் தெரு வந்தபிறகு மெதுவாக ஓடினேன். அந்த நடையால் போனது ஒரு நிமிடம்கூட இருக்காது. சைக்கிளில் ஏறும்போது மூச்சு சீராக இருந்தது.

இப்போது சைக்கிள். இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2,400 மீட்டர் என்றதும் பலர் ஆல்ப்ஸ் மலைபோல ஒரு நீண்ட கணவாயைக் கற்பனை செய்கிறார்கள். பெம்ப்ரோக்‌ஷயரில் அப்படி எதுவும் கிடையாது. இங்கே எல்லாமே குட்டி மேடுகள். ஏறு, இறங்கு, வளை, மீண்டும் ஏறு. ஒரு மேட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டீர்கள். ஆனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஒரே தாளத்தில் மிதிக்கவும் முடியாது. நீண்ட மலையேற்றத்தைவிட இதுதான் அமெச்சூர்களுக்குக் கடினம் என்பது என் கருத்து. நீண்ட ஏற்றத்தில் உடம்பே நம்மை மெதுவாக்கிவிடும். குட்டி மேட்டில் 'இதோ உச்சி தெரிகிறதே' என்று எழுந்து நின்று மிதிக்கத் தோன்றும். அப்படி ஒரு முறை மிதிப்பதில் கேடில்லை. நூறு முறை மிதித்தால் தொடை காலியாகிவிடும்.

பாதை முதலில் மேற்கே பெம்ப்ரோக் வழியாக ஆங்கிள் முனை வரை போகிறது. பெரும்பாலான நாட்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும், ஆகவே போகும்போது எதிர்க்காற்று. ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட் கடற்கரையை ஒட்டிய சாலை திறந்த வெளி, மணல்மேடுகளும் அட்லாண்டிக்கும்தான். பக்கக் காற்று அடித்தால் ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிக் குனிந்து பிடிக்கும் முன் கைப்பிடி) குனிந்திருப்பது கஷ்டம். அழகில் அந்தப் பாதை முழுவதிலும் அதற்கு ஈடில்லை. ஒரு தடவையாவது தலையைத் தூக்கிப் பாருங்கள். அங்கிருந்து திரும்பி, உள்நாட்டுப் பக்கம் நார்பெர்த் போய், ஆம்ரோத் கடற்கரைக்கு இறங்கி, வைஸ்மன்ஸ் பிரிட்ஜ், சாண்டர்ஸ்ஃபுட் ஏற்றங்கள் வழியாக டென்பிக்கு வர வேண்டும். பிறகு அந்தக் கிழக்குப் பகுதியை மட்டும் இன்னொரு முறை சுற்ற வேண்டும். அதாவது பாதையிலேயே கடினமான பகுதி, கால் களைத்த பிறகு இரண்டாம் முறை வருகிறது. சில ஆண்டுகளில் பாதையைச் சற்று மாற்றுவார்கள். ஆனால் இந்த அமைப்பு மாறுவதில்லை.

வைஸ்மன்ஸ் பிரிட்ஜ் மேட்டின் சரிவு 15 சதவீதத்தைத் தொடும். இந்த எண்ணை வைத்து ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் கியரைப் பற்றிய முடிவு இதில்தான் இருக்கிறது. உங்கள் எடை 75 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் மற்றதும் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதற்கே சுமார் 195 வாட் வேண்டும். 15 சதவீதத்தில், மணிக்கு 6 கிலோமீட்டரில், அதாவது வேகமான நடையில் போவதற்கு சுமார் 210 வாட். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உங்கள் உச்ச பவர், அதாவது எஃப்.டி.பி., 220 வாட் என்றால், அந்த மேட்டில் மிக மெதுவாகப் போனாலே எல்லையை நெருங்கிவிடுகிறீர்கள்.

சரி, அந்த 6 கிலோமீட்டர் வேகத்தில் போக உங்கள் கியர் விடுமா? முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 48 சுற்று மிதித்தால் அந்த வேகம் வரும். கடினம்தான், ஆனால் உட்கார்ந்தபடியே சமாளிக்கலாம். சமதளத்துக்கு என்று வாங்கும் டிரையத்லான் சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 52-36 பல், பின்னால் 11-28 பல் இருக்கும். அதன் மிக லேசான கியரில் (முன்னால் 36, பின்னால் 28) அதே 48 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர்; தேவைப்படும் பவர் 275 வாட். உங்கள் எல்லையைவிட நான்கில் ஒரு பங்கு அதிகம்! மெதுவாகப் போகலாம் என்று நீங்கள் மனத்தில் முடிவெடுத்திருந்தாலும் சைக்கிள் அனுமதிக்காது. வேறு வழியில்லாமல் எழுந்து நின்று, ஹேண்டிலை இழுத்து, தொடையை எரித்து ஏறுவீர்கள். இல்லையென்றால் இறங்கித் தள்ளுவீர்கள். ஆகவே டென்பிக்கு நிதானம் என்பது மனக்கட்டுப்பாட்டில் தொடங்குவதில்லை, கேசட்டில், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கில், தொடங்குகிறது.

முன்னால் 34, பின்னால் 32 அல்லது 34 என்று மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பின் டிரெய்லியர் (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பாகம்) அந்த அளவுப் பல்லை ஏற்குமா என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேளுங்கள். குட்டைக் கூண்டு உள்ளவை பல ஏற்காது, செயினும் நீளமாக்க வேண்டியிருக்கும். இதைப் போட்டி வாரத்தில் செய்யக் கூடாது, வசந்த காலத்திலேயே செய்து அதிலேயே பயிற்சி எடுங்கள்.

டிரையத்லான் சைக்கிளா, ரோடு சைக்கிளா? எஃப்.டி.பி. அதிகமுள்ள, வளைவுகளில் பயமில்லாதவர்களுக்கு டிரையத்லான் சைக்கிள் இங்கேயும் வேகம்தான். மற்றவர்களுக்கு ரோடு சைக்கிளில் கிளிப் ஏரோ பார் மாட்டுவதைப் பரிந்துரைப்பேன். கையருகிலேயே பிரேக், லேசான கியர், 28 மில்லிமீட்டர் டயர். பெம்ப்ரோக்‌ஷயரின் கிராமச் சாலைகள் குறுகியவை. இருபுறமும் ஆள் உயர வேலிச்செடி. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. செப்டம்பரில் மழை வந்தால் டிராக்டர் கொண்டுவந்த சேறு சாலையில் வழுக்கும். டிஸ்க் பிரேக் இருந்தால் நிம்மதி.

எடையைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 85 கிலோவை 2,400 மீட்டர் தூக்க ஏறக்குறைய 2,000 கிலோஜூல் வேலை. ஏழேகால் மணி நேரம் சராசரி 145 வாட்டில் ஓட்டினால் மொத்தம் 3,800 கிலோஜூல். அதில் பாதிக்கு மேல் உயரம் ஏறவே போகிறது. இதைப் பார்த்ததும் லேசான சக்கரம் வாங்கத் தோன்றும். ஆனால் ஒரு முழுக் கிலோ குறைத்தால் மிச்சமாவது 24 கிலோஜூலுக்கும் குறைவு, நேரத்தில் மூன்று நிமிடத்துக்குள். ஆயிரம் பவுண்டு கொடுத்துச் சக்கரத்தில் அரைக் கிலோ குறைப்பதைவிட, சில பத்துப் பவுண்டு கொடுத்துப் பெரிய கேசட் மாட்டுவது பலமடங்கு பயன் தரும்.

இப்போது மேட்டில் எவ்வளவு அழுத்துவது என்ற கேள்வி. இயற்பியல் ஒரு பக்கம் நம்மை உந்தும்: சமதளத்தில் பவரை நாற்பது சதவீதம் கூட்டினால் காற்றின் எதிர்ப்பால் வேகம் பன்னிரண்டு சதவீதம்தான் கூடும், செங்குத்து மேட்டிலோ கிட்டத்தட்ட முழு நாற்பதும் வேகமாக மாறும். ஆகவே மேட்டில் கொஞ்சம் அதிகமும் இறக்கத்தில் குறைவும் என்பது சரியான உத்திதான். சிக்கல் அந்த 'கொஞ்சம்' என்பதில் இருக்கிறது. எஃப்.டி.பி.யைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நிமிடமும் தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜனை, அதாவது மாவுச்சத்தை, மிக வேகமாகக் கரைக்கும். நான் வைத்துக்கொண்ட அளவு இது: முழுப் பயணத்துக்கும் எஃப்.டி.பி.யில் 65 முதல் 70 சதவீதம், சாதாரண மேட்டில் 85-ஐத் தாண்டாமல், வைஸ்மன்ஸ் பிரிட்ஜ் போன்ற செங்குத்தில் மட்டும் 95 வரை. என் பவர் மீட்டரில் மூன்று விநாடிச் சராசரியை மட்டும் திரையில் வைத்திருந்தேன். வேகத்தை மறைத்துவிட்டேன். மணிக்கு 7 கிலோமீட்டர் என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு யாராலும் பொறுமையாக இருக்க முடியாது.

இதற்காக விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிலோமீட்டர் செங்குத்து மேட்டில் மணிக்கு 8 கிலோமீட்டருக்குப் பதில் 9-இல் ஏறினால் மிச்சம் 50 விநாடி. அப்படிப்பட்ட மேடுகள் எட்டு என்றால் ஏழு நிமிடத்துக்கும் குறைவு. மறுபுறம், மாரத்தானில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடக்கூடியவர் கால் செத்து நடக்கத் தொடங்கினால் பத்தரை நிமிடம் ஆகும். பத்து கிலோமீட்டர் நடந்தாலே நாற்பது நிமிடம் போயிற்று. என்னைச் சைக்கிளில் மேட்டுக்கு மேடு தாண்டிப் போனவர்கள் பலர். அவர்களில் எத்தனையோ முதுகுகளை மாலையில் ஓட்டப் பாதையில் மறுபடி பார்த்தேன், நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைவிட வலுவான சைக்கிள்காரர்கள்தான்.

சாண்டர்ஸ்ஃபுட் மேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு இதயத்தை உடைக்கும் மேடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துறைமுகத்திலிருந்து ஊருக்குள் எழும்பும் சாலையில் கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கி, நடுவே ஒரு சைக்கிள் போகும் அளவுக்கு மட்டும் வழிவிட்டு நிற்கும். மேளம், மணி, வேடமணிந்த ஆட்கள், காதுக்குள் கத்தும் குழந்தைகள். டூர் டி பிரான்ஸ் மலைகளில் தொலைக்காட்சியில் பார்த்த காட்சிக்குள் நாமே இருப்போம். உடம்பில் மயிர்க்கூச்செறியும், வலி மறையும், கால் தானாக வேகமெடுக்கும். முன்னே சொன்ன ஆபத்து இதுதான். முதல் சுற்றில் அந்த மேட்டில் என் மீட்டர், நான் எதையும் உணர்வதற்கு முன்பே, எல்லையைத் தாண்டி ஏறத் தொடங்கியது. உடனே ஒரு கியர் லேசாக்கி, ஒரு கையைத் தூக்கி அந்த மக்களுக்கு நன்றி சொன்னபடி ஏறினேன். அவர்கள் கொடுக்கும் உற்சாகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அதை மிதியில் இறக்கக் கூடாது. இரண்டாம் சுற்றில் அதே கூட்டம் உண்மையாகவே தேவைப்படும்.

இறக்கங்களில் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் மிதிப்பதில் பயன் குறைவு. உடம்பைச் சுருக்கிக் காற்றுக்கு ஒதுங்கி, காலுக்கு ஓய்வு கொடுங்கள். நேரத்தை உண்மையில் சேமிக்கும் இடம் மேட்டின் உச்சி. எல்லோரும் உச்சியை அடைந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு மிதியை நிறுத்துவார்கள். அடக்கமாக ஏறி வந்தவர் உச்சி தாண்டியும் இருபது முப்பது விநாடி அதே பவரில் மிதித்து வேகம் பிடிப்பார். அங்கே கிடைக்கும் வேகம் இறக்கம் முழுவதும் கூடவே வரும்.

சாப்பாடும் மேடுகளோடு பின்னிக்கிடக்கிறது. உடம்பில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கிலோகலோரி. 3,800 கிலோஜூல் வேலைக்கு உடம்பு எரிப்பது, தசையின் திறன் நான்கில் ஒரு பங்குதான் என்பதால், கிட்டத்தட்ட 3,800 கிலோகலோரி. மீதியில் ஒரு பகுதி கொழுப்பிலிருந்து வரும். மற்றது வழியில் சாப்பிட்டால்தான். மணிக்கு 60 முதல் 90 கிராம் கார்போஹைட்ரேட் என்பது இப்போது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. சமதளத்தில் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சாப்பிடலாம். டென்பியில் அந்த இருபதாவது நிமிடம் ஒரு செங்குத்து மேட்டின் நடுவே வந்து நிற்கும். மூச்சிரைக்கும்போது வாயில் எதுவும் போகாது. வலுக்கட்டாயமாகப் போட்டாலும், இரத்தம் தசைக்கு ஓடிவிட்ட நேரத்தில் வயிறு அதை ஏற்காது. அதனால் பாதையை மனப்பாடம் செய்து, எந்த உச்சியைத் தாண்டியதும் எது சாப்பிட வேண்டும் என்று முடிவுசெய்து வைத்திருந்தேன். பெம்ப்ரோக்கிலிருந்து ஆங்கிள் வரையிலான ஓரளவு சமமான பகுதியில் திட உணவு, கிழக்குச் சுற்றில் ஜெல்லும் பானமும் மட்டும். குளிராக இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பயந்துபோய் லிட்டர் லிட்டராகக் குடிக்கவும் வேண்டாம். உப்பில்லாமல் அதிகம் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அது தாகத்தைவிட ஆபத்து.

ஓட்டம் நான்கு சுற்று. ஊரிலிருந்து நியூ ஹெட்ஜஸ் வரை மேலேறும் பிரதான சாலை, அங்கே திரும்பி அதே வழியில் இறக்கம், பிறகு மதிலுக்குள் தெருத்தெருவாக வளைந்து மீண்டும் மேடு. மொத்த ஏற்றம் ஏறக்குறைய 500 மீட்டர். மேலே திரும்பும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வண்ணக் கைப்பட்டை மாட்டிவிடுவார்கள். முதல் சுற்றில் வெறும் கையோடு ஓடும்போது, மூன்று பட்டை அணிந்து எதிரே இறங்கி வருகிறவர்களைப் பார்க்கும் மனநிலை இருக்கிறதே, அதற்குத் தயாராகப் போங்கள். நான் மற்றவர்களின் மணிக்கட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த உணவு மேசை வரை மட்டும் யோசித்தேன். மேட்டின் செங்குத்துப் பகுதியை நான்கு சுற்றிலும் நடப்பது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். தானாக முடிவெடுத்து வேகமாக நடப்பதற்கும், ஓட முடியாமல் நடப்பதற்கும் கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம் வித்தியாசம் வரும். நடந்த இடத்தில் சாப்பிட்டேன், இறக்கத்திலும் ஊருக்குள்ளும் ஓடினேன்.

ஆனால் தொடையை உடைப்பது ஏற்றமில்லை, இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன் தசை நீண்டுகொண்டே சுருங்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுவது அதுதான். நுண்ணிய கிழிசல்கள் அதில்தான் அதிகம். 180 கிலோமீட்டர் மேடு மிதித்த தசைக்கு அது இரட்டைச் சுமை. இதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. இறக்கத்தில் ஓடிப் பழகிய தசை அதே வேலையை அடுத்த முறை செய்யும்போது மிகக் குறைவாகவே சேதப்படும், அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் வரை நீடிக்கும். ஆகவே போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதிலிருந்து வாரம் ஒரு நாள் இறக்க ஓட்டம் சேருங்கள். முதல் தடவை கொஞ்ச தூரம்தான். மறுநாள் படியிறங்கவே வலிக்கும். மெல்ல மெல்லக் கூட்டி, போட்டிக்கு இரண்டு வாரத்துக்கு முன் நிறுத்திவிடுங்கள்.

லண்டனிலிருந்து பயிற்சிக்கு எல்லோரும் போவது சர்ரேயின் பாக்ஸ் ஹில். 2012 ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் ஏறிய மேடு அது, வழுவழுப்பான சாலை, சராசரிச் சரிவு ஐந்து சதவீதம்தான். டென்பிக்கு அது மிகவும் மென்மை. அருகிலேயே லீத் ஹில், வைட் டவுன் ஆகியவற்றின் குறுகிய சந்துகள் இருக்கின்றன. செங்குத்து, கரடுமுரடு, ஈரம், வேலிச்செடி என எல்லாமே பெம்ப்ரோக்‌ஷயரைப் போலவே. அவற்றை இணைத்து நான்கைந்து மணி நேரச் சுற்று அமைத்துக்கொள்ளுங்கள். எல்லா மேட்டையும் ஏறுவதோடு, உங்கள் பவர் வரம்புக்குள் ஏறுவதைப் பயிற்சி செய்யுங்கள். நண்பர்கள் முந்திப் போகும்போது போகவிடுவதும் பயிற்சியில் ஒரு பகுதிதான். சுற்று முடிந்ததும் அரை மணி நேரம் மேடு இறக்கத்தில் ஓடுங்கள். குளிர்காலத்தில் வீட்டு டிரெய்னரில் (சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்தில் மிதிக்கும் கருவி) நிமிடத்துக்கு 50 சுற்றில் பத்துப் பத்து நிமிடமாக மிதிப்பது முழங்காலுக்கும் இடுப்புக்கும் அந்த மெதுவான மிதியைப் பழக்கும்.

கடைசியாக நேரம். சமதளத்தில் சைக்கிளை ஆறு மணி நேரத்தில் முடித்திருந்தால், அதே உடல்நிலையில் டென்பியில் ஏழிலிருந்து ஏழரை என்று எதிர்பாருங்கள். மாரத்தானில் இருபதிலிருந்து முப்பது நிமிடம் கூடும். கடற்கரையிலிருந்து டிரான்சிஷன் வரையிலான தூரத்துக்கு ஏழெட்டு நிமிடம். ஆக, உங்கள் பதினொன்றரை இங்கே பதின்மூன்று மணி நேரத்துக்கு அருகில் வரும். மழையும் காற்றும் சேர்ந்தால் பதின்மூன்றரை. ஏழு மணிக்குத் தொடங்கினால், அந்த மாதத்தில் ஏழரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதால், கடைசிச் சுற்றின் பின்பாதி இருட்டில்தான்; அதற்கேற்ப மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்றை ஓட்டப் பையில் வையுங்கள். நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், சைக்கிள் முடிய 10 மணி 30 நிமிடம், மொத்தம் 17 மணி நேரம் என்பது அயர்ன்மேன் போட்டிகளின் வழக்கமான காலக்கெடு. உங்கள் வேகத்துக்கு அதைப் பற்றிக் கவலை தேவையில்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது சமதளத்தில் சைக்கிளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுப்பவராக இருந்தால், டென்பியில் உங்களை நெருக்கப்போவது அந்த 10 மணி 30 நிமிடம்தான். நீச்சலையும் டிரான்சிஷனையும் கழித்துச் சைக்கிளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எழுதிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.